காற்றோடு கூட வரும் மூன்று பேர்

நாமக்கல் பைபாஸ் ஓரம் ஒரு டீக்கடை. எதிரே பத்துச் சக்கர லாரி ஒன்று கேபினைத் தூக்கிய நிலையில், எஞ்சின் ஓடியபடி நின்றது. டிரைவர் உள்ளே ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று 'புஸ்ஸ்' என்று ஒரு சத்தம். என்னோடு வந்த தம்பி திடுக்கிட்டுத் திரும்பினான்.

"ஏனுங்ணா, காத்து லீக்காகுதுங்களா?"

"லீக் இல்லப்பா. டேங்க் நெறஞ்சு போச்சுன்னு சொல்லுது."

அவன் வந்த காரியமும் காற்றுதான். பழைய பிக்கப் ஒன்று வாங்கியிருக்கிறான். ரோட்டில் டயர் போய் நிற்கும் லாரிகளைத் தேடிப் போய்ப் பஞ்சர் போட்டுக் கொடுக்கும் தொழில் செய்ய ஆசை. அதற்காக வண்டி எஞ்சினிலேயே ஓடும் ஏர் கம்ப்ரஸர் பூட்ட வேண்டும். சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் காட்டினான். கம்ப்ரஸர், பெல்ட், டேங்க், ஓஸ் என்று நாலே வரி.

"பேட்டரியில ஓடற மோட்டார் வச்சா ஆகாதுங்களா?" என்று அவனே கேட்டான். கணக்குப் போட்டுப் பார்த்தோம். 10.00-20 லாரி டயருக்குள் சுமார் 100 லிட்டர் இடம் இருக்கிறது. அதில் 7 பார், அதாவது 100 பிஎஸ்ஐ அழுத்தம் ஏற்ற, வெளிக்காற்றில் 700 லிட்டரை உள்ளே திணிக்க வேண்டும். நிமிஷத்துக்கு 150 லிட்டர் தரும் கம்ப்ரஸர் என்றால் ஐந்து நிமிஷத்தில் வேலை முடியும். அதைச் சுற்ற ஒன்றரைக் குதிரைத்திறன் வேண்டும். எஞ்சினுக்கு அது கொசுக்கடி. அதையே 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுத்தால் 90 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும்.

"அப்ப பெரிய டேங்கா வச்சுக்கிட்டா?" 40 லிட்டர் டேங்கில் 8 பார் நிரப்பினாலும் அதில் அடைந்திருப்பது 320 லிட்டர் காற்றுதான். காலி டயரோடு அதை இணைத்தால் இரண்டும் இரண்டேகால் பாரில் சமமாகி நின்றுவிடும். டேங்க் வெறும் குடம். ஊற்று கம்ப்ரஸர்தான்.

கணக்கு அத்தோடு முடிந்தது. ஆனால் காற்றை அடைத்தால் காற்று மட்டும் வராது. சூடு, தண்ணீர், எண்ணெய் என்று மூன்று பேர் கூடவே வருவார்கள். இவர்களைச் சமாளிப்பதில்தான் இந்த வேலையின் சூட்சுமம் இருக்கிறது. எப்படிச் சமாளிப்பது என்று அறியப் புத்தகம் தேட வேண்டாம். ஏர் பிரேக் உள்ள ஒவ்வொரு லாரியும் எஞ்சினில் ஓடும் ஒரு கம்ப்ரஸரைச் சுமந்துகொண்டுதான் போகிறது. டிரைவரிடம் கேட்டுக்கொண்டு, டீ கிளாஸோடு லாரிப் பக்கம் போனோம்.

எஞ்சின் பக்கவாட்டில் இரண்டு தேங்காயைச் சேர்த்து வைத்த பருமனில் அது உட்கார்ந்திருந்தது. உள்ளே பிஸ்டன், ரிங், வால்வு எல்லாம் உண்டு. சின்ன எஞ்சின் மாதிரிதான், டீசல் மட்டும் கிடையாது. எஞ்சினின் கியர் அதைச் சுற்றுகிறது. குளிர்விக்கும் தண்ணீரும் உயவு எண்ணெயும் எஞ்சினிலிருந்தே வருகின்றன.

முதல் ஆள் சூடு. சைக்கிள் பம்ப் அடித்தவர்களுக்குத் தெரியும், நாலு தடவை அடித்தாலே குழாயின் அடிப்பக்கம் கை சுடும். 8 பாருக்கு அழுத்தும்போது வெளியே வரும் காற்று 200 டிகிரியை எட்டிப்பிடிக்கும். அதனால்தான் லாரியில் கம்ப்ரஸரை விட்டு வெளியேறும் குழாய் உலோகத்திலோ, எஃகு வலை போர்த்திய டெஃப்லான் ஓஸாகவோ இருக்கிறது. கொஞ்ச தூரம் போய்ச் சூடு தணிந்த பிறகுதான் சாதாரண ஓஸ். தம்பியின் சீட்டில் இருந்த ரப்பர் ஓஸை கம்ப்ரஸர் தலையில் நேராக மாட்டினால் ஒரு வாரம் தாங்காது. தண்ணீர்க் குழாய்க்குப் போடும் பிவிசி பக்கமே போகக்கூடாது. அழுத்தம் தாங்காமல் உடைந்தால் சில்லுச் சில்லாகத் தெறித்து ஆளைக் குத்தும்.

இரண்டாவது ஆள் தண்ணீர். 30 டிகிரி வெயிலில் ஒரு கன மீட்டர் காற்று 30 கிராம் வரை ஈரத்தைச் சுமக்கும். அந்தக் காற்றை அழுத்திக் குளிரவிட்டால் ஈரம் தண்ணீராகப் பிரிந்து டேங்க் அடியில் தங்கும். மழைக்காலத்தில் பத்து டயருக்குக் காற்று அடித்தால் கிட்டத்தட்ட ஒரு டீ கிளாஸ் தண்ணீர் சேரும். விட்டுவைத்தால் டேங்க் உள்ளேயிருந்தே துருப்பிடிக்கும். வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே தகடு காகிதமாகியிருக்கும். லாரியில் இதற்கென்று ஏர் டிரையர் இருக்கிறது. டேங்க் நிறைந்ததும் அது பிடித்துவைத்த ஈரத்தை வெளியே துப்புகிறது. சற்று முன் கேட்ட 'புஸ்' அதுதான்.

மூன்றாவது ஆள் எண்ணெய். பிஸ்டன் வழுக்கிக்கொண்டு ஓட எண்ணெய் வேண்டும். ரிங் தேய்ந்தால் அந்த எண்ணெய் காற்றோடு ஏறிவிடும். 'ஆயில் தள்ளுது' என்று பட்டறையில் சொல்வது இதைத்தான். சூடான குழாயில் எண்ணெய் கருகிக் கரியாகப் படியும். குழாய் உள்ளே சுருங்கும், அழுத்தம் கூடும், சூடு இன்னும் ஏறும்.

தம்பி அப்போது ஒரு யோசனை சொன்னான். பிக்கப்பில் ஏசி கம்ப்ரஸர் சும்மாதானே கிடக்கிறது, அதையே திருப்பிக்கொண்டால் என்ன? பலர் செய்து பார்த்ததுதான். பெரும்பாலான ஏசி கம்ப்ரஸர்களில் எண்ணெய் தனியாக ஒரு தொட்டியில் நிற்பதில்லை. வாயுவோடு ஒரு சுற்றுப் போய்த் திரும்பி வரும். காற்று அடிக்கும்போது போனது போனதுதான். கொஞ்ச நாளில் வறண்டு பிடித்துக்கொள்ளும். சொந்த எண்ணெய்த் தொட்டி உள்ள கம்ப்ரஸரே இவனுக்குச் சரி. பழைய லாரிக் கம்ப்ரஸர் என்றால், எண்ணெய் உள்ளே வரவும் எஞ்சினுக்கே திரும்பி வடியவும் வழி செய்தாக வேண்டும்.

பூட்டுவதில் ஒரே ஒரு இடத்தில் பலரும் தப்புச் செய்கிறார்கள். கம்ப்ரஸரைத் தாங்கும் பிராக்கெட்டைச் சேஸிஸில் போல்ட் அடிக்கிறார்கள். எஞ்சின் ரப்பர் மவுண்டில் ஆடும், சேஸிஸ் ஆடாது. நடுவே மாட்டிக்கொண்ட பெல்ட் கழன்று ஓடும். பிராக்கெட் எஞ்சினோடுதான் சேர வேண்டும். இரண்டு புல்லிகளின் முகத்திலும் ஒரு நேர்க்கம்பியை வைத்தால் இடைவெளி தெரியக்கூடாது. பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அமுங்கினால் போதும்.

எஞ்சின் புல்லி 150 மில்லிமீட்டர், கம்ப்ரஸர் புல்லி 100 என்று வைத்தால், எஞ்சின் 800 சுற்றுச் சுற்றும்போது கம்ப்ரஸர் 1200 சுற்றும். ரோட்டில் எஞ்சின் 3500 போனால் இது 5250 போய் வெந்துவிடும். அதனால் ஏசியில் இருப்பதுபோல் காந்தக் கிளட்ச் வேண்டும். வண்டி நிற்கும்போது மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். 8 பார் ஆனதும் பிரஷர் சுவிட்ச் கிளட்சை விடுவிக்கும். லாரியில் கியர் விடாமல் சுற்றுவதால், அங்கே கவர்னர் வால்வைத் திறந்து கம்ப்ரஸரைச் சும்மா ஓடவிடுகிறது. சுவிட்ச் வேலை செய்யாத நாளுக்காக டேங்கில் ஒரு சேஃப்டி வால்வு. டேங்குக்கும் அதற்கும் நடுவில் மூடும் குழாய் எதுவும் இருக்கக்கூடாது.

"இந்த வேலையெல்லாம் எதுக்குங்ணா? ரிப்பேருக்கு நிக்கற லாரியோட பிரேக் டேங்குலயே ஓஸ் போட்டு அடிச்சுக்கலாமே" என்றான். அவசரத்துக்கு டிரைவர்கள் செய்வதுண்டு. ஆனால் அந்தக் காற்றுதான் பின்சக்கரத்தின் பார்க்கிங் பிரேக் ஸ்பிரிங்கை அழுத்திப் பிடித்திருக்கிறது. காற்று போனால் ஸ்பிரிங் விரிந்து சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும். காற்று தீர்ந்தால் வண்டி ஓடக்கூடாது, நிற்க வேண்டும் என்ற அந்த யோசனையை 1872இலேயே ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் ரயிலுக்குக் கொண்டுவந்துவிட்டார். அந்தக் காற்றில் கைவைக்க நமக்கு உரிமை கிடையாது. இன்னொன்றும் சொல்லிவைத்தேன். லாக் ரிங் உள்ள டயருக்குக் காற்று ஏற்றும்போது ரிங்குக்கு நேரே எவரும் நிற்கக்கூடாது. கம்பிக் கூண்டுக்குள் வைத்துத்தான் அடிக்க வேண்டும். சரியாக உட்காராத ரிங் தெறித்தால் ஆள் தப்புவது அபூர்வம்.

டிரைவர் கேபினை இறக்கிப் பூட்டினார். கிளம்புமுன் குனிந்து ஏர் டேங்கின் அடியிலிருந்த வளையத்தை இழுத்தார். சீறிக்கொண்டு கொஞ்சம் தண்ணீர் தரையில் விழுந்தது. பால் கலந்த டீ நிறம்.

"ஆயில் தள்ளுதுங்க, ரிங் பாக்கோணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வண்டியில் ஏறினார்.

தம்பி அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு டீ மாஸ்டரிடம் பேனா வாங்கி, சீட்டில் 'டேங்க்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எழுதினான்: அடியில் வடிகுழாய். தினமும் திறக்க.