பத்துப் பிள்ளைகள் படித்த வீடு

மழைநாளிலே பாடசாலை விடுமுறையாகிவிட, இரண்டு பிள்ளைகளை ஒரு மேசையின் முன் இருத்திப் பாடஞ் சொல்லிக்கொடுக்க முயன்று பார்த்த தாய்மார் நம்மிடையே அநேகர் உளர். அரைமணி நேரத்திற்குள் ஒருவனுக்குத் தாகம் எடுக்கும். மற்றவளுடைய பென்சில் காணாமற் போய்விடும். அடுப்பிலே பால் பொங்கி வழியும். தாயின் பொறுமையும் அதனோடு சேர்ந்து வழிந்துவிடும். இங்ஙனமிருக்க, பத்துப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே, நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாக, இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு தாய் கல்வி கற்பித்தார் என்று கூறினால் நம்புவது சற்றுக் கடினந்தான்.

அவ்வம்மையாரின் பெயர் சுசன்னா வெஸ்லி. வெஸ்லி என்னும் பெயர் யாழ்ப்பாணத்தாருக்கும் மட்டக்களப்பாருக்கும் புதியதன்று. 1814ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து, அவ்விரு நகரங்களிலும் நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடங்கள் அமைத்த மெதடிஸ்த மிஷனரிமார், ஜோன் வெஸ்லி என்பவரின் வழிவந்தவர்கள். அந்த ஜோன் வெஸ்லியையும், ஆயிரக்கணக்கான ஞானப்பாட்டுகளை இயற்றிய அவர் தம்பி சார்ள்ஸையும் பெற்றெடுத்து எழுத்தறிவித்தவர் இவரே. எனினும் மைந்தரின் புகழைப் பாடுவதற்காக நாம் இதனை எழுதப் புகவில்லை. அவர்கள் வளர்ந்த வீட்டில் ஒரு நாட்பொழுது எவ்வாறு கழிந்தது என்பதையே சொல்ல விரும்புகின்றோம்.

சுசன்னா 1669இல் இலண்டனிற் பிறந்தவர். தம் தந்தையாருக்கு இருபத்தைந்தாவது பிள்ளை. ஆதலால் நிறைந்த வீடு என்பது அவருக்குப் பிறந்த நாள் முதலே பழக்கமானது. 1688இல், பத்தொன்பது வயதில், சாமுவேல் வெஸ்லி என்னும் இளங்குருவை மணந்தார். சில ஆண்டுகளில் அக்குருவுக்கு லிங்கன்ஷயர்ப் பகுதியில், சதுப்பு நிலங்கள் சூழ்ந்த எப்வேர்த் என்னும் சிற்றூரின் ஆலயப் பொறுப்புக் கிடைத்தது. தம்பதியருக்குப் பத்தொன்பது பிள்ளைகள் பிறந்தனர். அவர்களுள் ஒன்பதின்மர் குழந்தைப் பருவத்திலேயே இறந்தனர். எஞ்சியோர் ஆண்மக்கள் மூவரும் பெண்மக்கள் எழுவரும்.

தந்தையார் கல்விமான், கவி பாடுபவர், வரவறிந்து செலவு செய்யும் வித்தை மாத்திரம் அவருக்குக் கைவரவில்லை. 1705ஆம் ஆண்டில், முப்பது பவுணுக்கும் குறைந்த ஒரு கடனுக்காக அவரை லிங்கன் கோட்டைச் சிறையில் அடைத்தார்கள். அரசியற் பகை கொண்ட ஊரார் அவ்வேளையில் அவருடைய பசுக்களையும் குத்திக் காயப்படுத்த, அவை பால் வற்றிப்போயின. மனைவியார் தம் கைமோதிரங்களைக் கழற்றிச் சிறைக்கு அனுப்பினார். கணவர் அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டார். 'உங்கள் வீட்டில் உணவுக்கே பஞ்சம் வந்ததுண்டா?' என்று அத்தியட்சர் ஒருவர் வினவியபோது, அம்மையார் சொன்ன விடை கருதத்தக்கது. உணவு இல்லாமற் போனதில்லையாம். ஆனால் உண்ணுமுன் அதைத் தேடுவதிலும், உண்டபின் அதற்கு விலை கொடுப்பதிலும் பட்ட பாட்டினால் அதன் சுவையே கெட்டுப்போயிற்றாம். இத்தகைய வீட்டிலேதான் மணிதவறாது பள்ளி நடந்தது.

பிள்ளைக்கு ஐந்து வயது நிறையும்வரை எழுத்தே காட்டுவதில்லை. நிறைந்த மறுநாளே பாடந் தொடங்கும். அதற்கு முதல்நாள் வீடு ஒழுங்கு செய்யப்படும். யார் யாருக்கு என்ன வேலை என்று பகிர்ந்து கொடுக்கப்படும். காலை ஒன்பது மணி தொடக்கம் பன்னிரண்டு வரையும், பிற்பகல் இரண்டு தொடக்கம் ஐந்து வரையும் அவ்வறைக்குள் எவரும் நுழையக் கூடாது என்பது கட்டளை. அந்த ஒரு நாளைக்குள் ஆங்கில நெடுங்கணக்கு முழுவதையும், பெரிய எழுத்துஞ் சிறிய எழுத்துமாகப் பிள்ளை அறிந்துகொள்ள வேண்டும். அவ்வாறே அறிந்தும் கொண்டார்கள். மேரிக்கும் நான்சிக்கும் மாத்திரம் ஒன்றரை நாள் சென்றது. அதற்காக அவ்விருவரையும் மந்தபுத்தியினர் என்று தாம் எண்ணியிருந்ததாகவும், பிற வீட்டுப் பிள்ளைகள் அதே எழுத்துகளோடு எத்தனை காலம் போராடுகின்றார்கள் என்பதைக் கண்டபின் அவ்வெண்ணத்தை மாற்றிக்கொண்டதாகவும் அம்மையாரே பின்னர் எழுதியிருக்கின்றார். வாசிக்கும்போது நமக்குச் சிரிப்பு வந்தது. ஒன்றரை நாள் மந்தமென்றால், நம்முள் எத்தனை பேர் தேறுவோம்?

எழுத்து முடிந்ததும் சிறுவர் பாடநூல் ஒன்றுமில்லை. நேரே வேதாகமத்தின் முதல் அதிகாரம். முதல் வசனத்தை எழுத்துக்கூட்டி, தடையின்றி வரும்வரை திரும்பத் திரும்ப வாசித்த பின்னரே இரண்டாவது வசனம். மூத்த மகன் சாமுவேல் பெப்ரவரியிற் பாடந் தொடங்கி, பெந்தெகொஸ்தே திருநாளுக்குள் ஓர் அதிகாரத்தை நன்றாக வாசிக்கத் தேர்ந்துவிட்டான். கடைக்குட்டி கெசியாவிடத்தில் மட்டும் இம்முறை பிழைத்தது. கணவரின் விருப்பத்திற்கிணங்கி, தம் மனத்துக்கு மாறாக, ஐந்து வயதுக்கு முன்பே அவளுக்குக் கற்பிக்கத் தொடங்கினார். மற்றவர்கள் மாதக்கணக்கிற் கற்றதைக் கற்க அவளுக்கு ஆண்டுக்கணக்காயிற்று. மூன்று வயது திரும்புமுன்னரே குழந்தையின் கையிற் பேனையைத் திணிக்கும் பெற்றோர் இவ்விடத்தைச் சற்று நின்று வாசிப்பாராக.

மாலை ஆறு மணிக்குக் குடும்ப ஜெபம் முடிந்ததும் இராச் சாப்பாடு. ஏழு மணிக்குப் பணிப்பெண், இளைய பிள்ளையிலிருந்து தொடங்கி ஒவ்வொருவராகக் கழுவித் துடைப்பாள். எட்டு மணிக்கு எல்லாரும் படுக்கையில். உறங்கும்வரை அருகிருந்து தட்டிக்கொடுக்கும் வழக்கம் இல்லை. விழித்திருக்கும்போதே விட்டுவிட்டு வந்துவிடுவார்கள். வேளைக்கு வேளை இட்டதை உண்ண வேண்டும், இடையிலே ஒன்றுமில்லை. உடன்பிறந்தாரை வெறும் பெயர் சொல்லி அழைத்தல் ஆகாது. பெயரோடு சகோதரன் என்றோ சகோதரி என்றோ சேர்த்தே சொல்ல வேண்டும். அண்ணா, அக்கா என்று அழைத்துப் பழகிய நமக்கு இஃதொன்று மாத்திரம் நம் வீட்டு வழக்கம்போலத் தோன்றுகின்றது.

அவ்வீட்டின் எல்லா விதிகளும் நமக்கு உடன்பாடானவையல்ல. ஒரு வயது நிறைந்ததுமே பிள்ளைகள் பிரம்புக்கு அஞ்சவும், அழுதாலும் சத்தமின்றி அழவும் பழக்கப்பட்டார்கள். அதனால் வீட்டிற் பிள்ளைகளே இல்லாதது போன்ற அமைதி நிலவியதென்று அம்மையார் பெருமையோடு குறிப்பிடுகின்றார். அந்த அமைதியை நாம் விரும்பமாட்டோம். ஆயினும் அதே தாய்தான் வேறு சில விதிகளையும் வகுத்தார். செய்த பிழையைத் தானாக ஒப்புக்கொள்ளும் பிள்ளைக்கு அடியில்லை. ஒரே பிழைக்கு இரண்டு முறை தண்டனையில்லை. பின்னர் ஒருபோதும் அதனைச் சொல்லிக் காட்டுதலுமில்லை. ஒரு குண்டூசியேயானாலும் மற்றவன் பொருளைத் தொடக் கூடாது. நன்றாக வாசிக்கத் தெரியும்வரை எந்தப் பெண்பிள்ளையையும் தையலுக்கு இருத்தக் கூடாது. வாசிப்பு வருமுன்னே ஊசியைக் கையிற் கொடுப்பதனாலேதான் பெண்கள் காதுக்கு இனிதாக வாசிக்கத் தெரியாதவர்களாகின்றார்கள் என்பது அவர் கருத்து. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இதனை ஒரு வீட்டுச் சட்டமாகவே வைத்திருந்தார் என்பதை மறவாதிருத்தல் வேண்டும். மகள் ஹெற்றி எட்டு வயதளவில் கிரேக்க மொழியிற் புதிய ஏற்பாட்டை வாசித்தாள்.

1709ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் நாள் இரவு அவ்வீடு தீப்பற்றி எரிந்தது. ஐந்து வயதுச் சிறுவன் ஜோன் மேல்மாடியில் அகப்பட்டுக்கொண்டான். ஏணி தேட நேரமில்லை. ஒருவர் தோளின் மேல் மற்றொருவர் ஏறி நின்று, சன்னல் வழியே அவனை இறக்கிய மறுகணம் கூரை விழுந்தது. உயிர்ச்சேதம் இல்லை, புத்தகங்களும், அம்மையார் எழுதி வைத்திருந்தவையும், உடைமைகளும் சாம்பலாயின. பிள்ளைகள் பல வீடுகளிலே பிரிந்து தங்க நேர்ந்தது. செங்கல்லாற் புதிய வீடு கட்டி அவர்களை மீண்டும் ஒன்றுசேர்த்தபோது பேச்சும் நடையும் மாறியிருந்தன. அம்மையார் சோர்ந்துவிடவில்லை, முதலிலிருந்து தொடங்கினார். காலையும் மாலையும் பள்ளி தொடங்கும்போதும் கலையும்போதும் சங்கீதம் பாடும் வழக்கம் அப்போதுதான் ஏற்பட்டது. மூத்த பிள்ளை கடைசிப் பிள்ளையையும், இரண்டாவது பிள்ளை அதற்கு அடுத்ததையுமாக ஒவ்வொருவரும் ஒருவரை அழைத்துச் சென்று, அன்றைய வேதபாகத்தை வாசித்துக் காட்டுதலும் அப்போதே தொடங்கியது. அச்செங்கல் வீடு இன்றும் நூதனசாலையாக நிற்கின்றது.

இனி நாம் சொல்லப்போவது தமிழர் அறிய வேண்டியதொன்று. 1711ஆம் ஆண்டின் பனிக்காலத்தில் தந்தையார் திருச்சபை மன்றத்தின் பொருட்டு இலண்டனுக்குச் சென்றிருந்தார். அவருடைய வாசிப்பறையில் மூத்த மகள் எமிலியா ஒரு புத்தகத்தைக் கண்டெடுத்துத் தாயாருக்கு வாசித்துக் காட்டினாள். டென்மார்க் அரசர் அனுப்ப, 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, புளுட்சோ என்னும் இரு பாதிரிமாரின் வரலாறு அது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, மணலிலே விரலால் எழுதித் தமிழ் பயின்றவர் அச் சீகன்பால்கு. சோழநாட்டுக் கடற்கரையில் நடந்த அவர்களின் உழைப்பைக் கேட்ட நாள் முதல் வேறெதிலும் மனஞ் செல்லவில்லை என்று அம்மையார் 1712 பெப்ரவரியிற் கணவருக்கு எழுதினார். தாம் ஆணுமல்லர், குருவுமல்லர், ஆயினும் தம் பிள்ளைகளுக்கு இன்னும் ஏதேனும் செய்யலாமே என்று எண்ணினார்.

அவ்வெண்ணத்தின் பயனாக ஓர் ஒழுங்கு பிறந்தது. ஒவ்வோர் இரவும் ஒரு பிள்ளையோடு தனித்திருந்து உரையாடுதல். திங்கள் மேரி, செவ்வாய் ஹெற்றி, புதன் நான்சி, வியாழன் ஜோன், வெள்ளி மார்த்தா, சனி சார்ள்ஸ், ஞாயிறு எமிலியாவும் சூகியும். பாடம் ஒப்புவித்தலன்று, பிள்ளையின் மனத்தில் உள்ளதைக் கேட்டல். நிறைந்த வீட்டில் உணவைப் பங்கிடலாம். உடையை மூத்தவரிடமிருந்து இளையவருக்குக் கொடுக்கலாம். ஆனால் தாயோடு தனித்திருக்கும் நேரம் தானாக வருவதில்லை. கிழமைக்கு ஒரு மாலையை அவர் ஒவ்வொருவருக்கும் உரித்தாக்கிக் கொடுத்தார்.

அதே காலத்தில் ஞாயிறு மாலைகளிற் சமையலறையிலே பிள்ளைகளுக்காக அவர் நடத்திய ஜெபத்திற்கு அயலாரும் வரத் தொடங்கினர். முப்பது நாற்பது பேராயிருந்த கூட்டம் இருநூறாயிற்று. உதவிக் குருவானவர் இது முறையன்றென்று இலண்டனுக்கு முறையிட்டார். கணவர் நிறுத்தும்படி எழுதவே, 'விருப்பம் என்று சொல்லாதீர், கட்டளையாகவே இடும். நாளை இறைவன் முன் அந்தப் பொறுப்பு என்னைச் சாராதிருக்கட்டும்' என்ற கருத்துப்பட அம்மையார் விடை எழுதினார். கட்டளை வரவில்லை.

ஆண்பிள்ளைகள் ஒவ்வொருவராக அவ்வீட்டைவிட்டுப் புறப்பட்டார்கள். 1714இல் ஜோன் இலண்டனிற் சாட்டர்ஹவுஸ் பாடசாலைக்கும், 1716இல் சார்ள்ஸ் வெஸ்ற்மின்ஸ்ரருக்கும் சென்றார்கள். பின்னர், மூத்தவர் சாமுவேலைப் போலவே, இருவரும் ஒக்ஸ்போர்ட்டை அடைந்தார்கள். அதே அறையில், அதே தாயிடத்தில், அதே பாடத்தைக் கற்ற ஏழு பெண்களுக்கும் அத்தகைய கதவு ஒன்றேனும் இருக்கவில்லை. எமிலியா ஆசிரியையாய் உழைத்து நெடுங்காலம் தனித்து வாழ்ந்தார். மேரி மணமுடித்துச் சிறிது காலத்திற்குள் பிரசவத்தில் இறந்தார். மார்த்தாவுக்கு வாய்த்த கணவர் ஒழுக்கமற்றவர். கவி பாடும் ஆற்றல் வாய்ந்த ஹெற்றியோ, ஒருவரை நம்பி வீட்டைவிட்டுச் சென்று ஏமாற்றப்பட்டுத் திரும்பினார். 1725இல் அவரை ஈயக்குழாய் வேலை செய்யும் ஒருவருக்கு அவசரமாக மணஞ்செய்து வைத்தார்கள். கணவர் மதுவில் மூழ்கினார். பிறந்த குழந்தைகள் இறந்தன. பட்டறையின் ஈய நச்சே அதற்குக் காரணமென்று ஹெற்றி எண்ணினார்.

ஒப்புக்கொண்ட பிழைக்குத் தண்டனையில்லை; மன்னித்ததைச் சொல்லிக்காட்டுதலுமில்லை. இவ்வாறு விதித்த வீடு ஹெற்றியிடத்தில் அவ்விதியை மறந்துவிட்டது. தந்தையார் இறுதிவரை மனமிளகவில்லை. தாயாரும் எளிதில் இளகவில்லை. தமக்கைக்காகப் பரிந்து 1726இல் தந்தையின் ஆலயங்களுள் ஒன்றிலேயே பிரசங்கஞ் செய்தவர் ஜோன். அதனால் தந்தையின் கோபத்துக்கும் ஆளானார். அவ்வீட்டின் வரலாற்றைப் புகழ்ந்தெழுதுவோர் இப்பகுதியை விரைவாகக் கடந்துவிடுவது வழக்கம். நமக்கு அது சரியாகத் தோன்றவில்லை.

1732இல் ஜோன் கேட்டுக்கொண்டதற்கிணங்க அம்மையார் தம் வளர்ப்பு முறையை ஒரு நீண்ட கடிதமாக எழுதினார். நாம் மேலே கூறியவற்றுட் பல அதிலிருந்தே நமக்குத் தெரியவருகின்றன. இளமையின் இருபது ஆண்டுகளை இதற்கென்றே கொடுக்க முன்வருவோர் சிலரேயாவர் என்று அவரே அதிற் குறிப்பிட்டிருக்கின்றார். ஒக்ஸ்போர்டிலே ஆசிரியராய், பலரும் மதிக்கும் நிலையிலிருந்த மகனோ தாயாரிடம் வேறொன்றும் வேண்டியிருந்தார். சிறுவயதில் வியாழக்கிழமை மாலைகளில் தமக்கு ஒதுக்கிய அச்சிறு பொழுதை இப்போதும் தமக்காகத் தந்து, தம்மை நினைத்து வேண்டுதல் செய்ய இயலுமா என்று அவர் எழுதிக் கேட்டிருந்தார்.

1742ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், இலண்டனில், ஜோனின் இல்லத்திலே சுசன்னா அம்மையார் காலமானார். உயிர் பிரிந்ததும் தமக்காக ஒரு துதிப்பாட்டைப் பாடும்படி பிள்ளைகளிடம் சொல்லியிருந்தார். அவர்கள் கட்டிலைச் சூழ்ந்து நின்று, பள்ளி கலையும் வேளையிற் பாடியது போலப் பாடினார்கள்.