காரில் கூடுதல் ஆம்ப்ளிஃபையர்: பேட்டரியைக் காக்கும் மெல்லிய வயரும் அதன் சரியான இணைப்பும்

மும்பை: மத்திய ரயில்வேயின் புறநகர் ரயில்களும், 2014ஆம் ஆண்டு ஜூன் மாதம் தொடங்கப்பட்ட வெர்சோவா மெட்ரோவும் சந்திக்கும் இடம் காட்கோபர். வாரநாட்களில் ரயிலில் பணிக்குச் சென்று, விடுமுறை நாளில் மட்டும் காரை எடுப்போருக்கு ஏற்ற பகுதி இது. அவ்வாறு ஐந்து நாட்கள் அசையாமல் நிற்கும் காரில், தனியாக வாங்கிப் பொருத்திய ஆம்ப்ளிஃபையர் அணையாமல் இருந்துவிட்டால், சனிக்கிழமை காலை கார் கிளம்பாது. பழி பேட்டரியின் மீது விழும். ஆனால் ஆம்ப்ளிஃபையரை இயக்கி அணைக்கும் மெல்லிய வயர் தவறான இடத்தில் இணைக்கப்பட்டிருப்பதே உண்மைக் காரணமாக இருக்கக்கூடும்.

மூன்று இணைப்புகள், மூன்று வேலைகள்

கார் ஆம்ப்ளிஃபையரில் மின்சாரத்திற்கென மூன்று முனைகள் உள்ளன. முதலாவது, பேட்டரியின் நேர்முனையிலிருந்து நேரடியாக வரும் தடித்த வயருக்கானது. இரண்டாவது, காரின் உலோக உடலுடன் இணையும் எர்த். மூன்றாவது, 'ரிமோட்' எனப்படும் முனை.

ரிமோட் முனை பாட்டுக்கான மின்சாரத்தைத் தருவதில்லை. அதில் 12 வோல்ட் வந்தால் ஆம்ப்ளிஃபையர் விழித்துக்கொள்கிறது, நின்றால் உறங்கிவிடுகிறது. எனவே இதற்கு ஒரு சதுர மில்லிமீட்டர் அளவுள்ள மெல்லிய வயரே போதுமானது.

தடித்த வயரைச் சாவியின் கட்டுப்பாட்டில் உள்ள மின்சுற்றில் ஏன் இணைக்கக் கூடாது என்ற கேள்வி எழலாம். 80 சதவீதத் திறனுடன் இயங்கும் 500 வாட் ஆம்ப்ளிஃபையர், முழு ஒலியில் ஏறத்தாழ 45 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். கார் ஸ்டீரியோவுக்கான மின்சுற்றோ பொதுவாக 10 அல்லது 15 ஆம்பியர் பியூஸைக் கொண்டது. அதில் ஆம்ப்ளிஃபையரை இணைத்தால் பியூஸ் எரிந்துவிடும். எரிகிறதே என்று பெரிய பியூஸைச் செருகினால், அடுத்துச் சூடேறுவது டாஷ்போர்டுக்குள் செல்லும் வயர்தான். தீ விபத்துக்கு வழிவகுக்கும் தவறு இது.

எந்த வயரில் இணைப்பது?

தனியாக விற்பனையாகும் ஸ்டீரியோக்களில் வயர்களின் நிறங்களுக்குப் பரவலாகப் பின்பற்றப்படும் ஒரு முறை உண்டு. மஞ்சள், எப்போதும் மின்சாரம் உள்ள வயர். சிவப்பு, சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வருவது. கறுப்பு, எர்த். வெள்ளைக் கோடிட்ட நீல வயர், ஆம்ப்ளிஃபையரின் ரிமோட் முனைக்கானது. ஸ்டீரியோ இயங்கும்போது மட்டும் இந்த நீல வயரில் 12 வோல்ட் வரும். ஆகவே சாவி திரும்பியிருந்தாலும் ஸ்டீரியோவை அணைத்தால் ஆம்ப்ளிஃபையரும் அணைந்துவிடும்.

ரிமோட் வயரை மஞ்சளுடன் இணைத்தால் பாட்டு குறையின்றிக் கேட்கும். பழுது வெளியே தெரியாது. ஆனால் ஆம்ப்ளிஃபையர் ஒருபோதும் அணையாது. ஒலியே இல்லாத நிலையிலும் அது ஒரு ஆம்பியர் அளவுக்கு இழுப்பதாகக் கொண்டால், மாலை 6 மணி முதல் காலை 8 மணி வரையிலான 14 மணி நேரத்தில் 14 ஆம்பியர்-மணி செலவாகும். சிறிய கார்களில் உள்ள 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் இது 40 சதவீதம். ஐந்து நாட்கள் என்பது 120 மணி நேரம். புதிய பேட்டரியும் அதற்குள் முற்றிலும் வடிந்துவிடும்.

நீல வயர் இல்லாத கார்கள்

காருடன் வரும் ஸ்டீரியோக்கள் பலவற்றில் ரிமோட் வயர் இருப்பதில்லை. இத்தகைய கார்களுக்கு இரண்டு வழிகள் உள்ளன. ஸ்பீக்கர் வயரில் ஒலி வருவதை உணர்ந்து தானாக இயங்கும் வசதி சில ஆம்ப்ளிஃபையர்களிலேயே உண்டு. அவற்றுக்கு ரிமோட் வயர் தேவையில்லை. மற்றவற்றுக்கு, சாவியை எடுத்ததும் மின்சாரம் நிற்கும் ஒரு பியூஸ் இடத்தை பியூஸ் பெட்டியில் கண்டறிந்து, அதில் கூடுதல் பியூஸ் செருகும் இணைப்பானைப் பொருத்தி, 2 அல்லது 3 ஆம்பியர் பியூஸ் வழியாக ரிமோட் வயரைக் கொண்டுவரலாம். ஏர்பேக், பிரேக், இன்ஜின் கட்டுப்பாடு ஆகியவற்றுக்கான பியூஸ்களைத் தொடக் கூடாது. ஏர்பேக் வயர்கள் பொதுவாக மஞ்சள் உறையில் செல்வதால், டாஷ்போர்டுக்கு அடியில் மஞ்சள் உறையைக் கண்டால் விலகியிருப்பதே நல்லது.

ரிலே எப்போது தேவை?

ஸ்டீரியோவின் நீல வயர் மிகக் குறைந்த மின்னோட்டத்தை மட்டுமே தரக்கூடியது. ஒரு ஆம்ப்ளிஃபையருக்கு அது தாராளம். இரண்டு மூன்று ஆம்ப்ளிஃபையர்கள், குளிர்விக்கும் மின்விசிறி எனச் சேர்த்துக்கொண்டே போனால் ஸ்டீரியோவின் உட்சுற்று பழுதாகலாம். அங்குதான் ரிலே தேவைப்படுகிறது. அதன் 86ஆம் முனையில் நீல வயரும், 85இல் எர்த்தும், 30இல் பேட்டரியிலிருந்து சிறு பியூஸ் வழியாக வரும் வயரும், 87இல் ஆம்ப்ளிஃபையர்களின் ரிமோட் வயர்களும் இணைய வேண்டும். இப்போது நீல வயர் ரிலேயின் சுருளை மட்டும் இயக்கினால் போதும்.

தடித்த வயரில் கவனிக்க வேண்டியவை

மும்பையில் மின்னணுப் பொருட்களுக்குப் பெயர்பெற்ற லாமிங்டன் சாலையிலும், காட்கோபரை அடுத்த குர்லாவில் வாகன உதிரிபாகங்கள் கிடைக்கும் சிஎஸ்டி சாலையிலும் பொருள் வாங்குவோர், வயரின் பருமனை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. செம்பு முலாம் பூசிய அலுமினிய வயர் பார்வைக்குத் தூய செம்பு வயரைப் போலவே இருக்கும். ஆனால் அதே பருமனில் குறைந்த மின்னோட்டத்தையே தாங்கும்.

முதன்மை பியூஸ் பேட்டரியிலிருந்து சுமார் 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். வயரைக் காப்பதே அதன் வேலை. ஆம்ப்ளிஃபையருக்கு அருகில் வைத்தால், இடையில் வயர் உரசிக் காரின் உடலைத் தொடும்போது அது பயன்படாது. இன்ஜின் அறையிலிருந்து உள்ளே வரும் துளையில் ரப்பர் வளையம் கட்டாயம். எர்த் இணைக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி உலோகத்துடன் இறுக்க வேண்டும். மும்பையின் மழைக்கால ஈரத்தில் அந்த இடம் துருப்பிடிக்காமலிருக்க, இணைத்த பின் மேலே மீண்டும் பெயின்ட் பூசுவது அவசியம்.

பணம் தரும் முன் ஒரு சோதனை

வேலை முடிந்ததும், சாவியை எடுத்துக் கதவைத் திறந்து மூடி, சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். பின்னர் மல்டிமீட்டரால் ஆம்ப்ளிஃபையரின் ரிமோட் முனையை அளந்தால் பூஜ்ய வோல்ட் காட்ட வேண்டும். ஆம்ப்ளிஃபையரின் சிறு விளக்கும் அணைந்திருக்க வேண்டும். அங்கு 12 வோல்ட் காட்டினால் வயர் தவறான இடத்தில் உள்ளது என்று பொருள். சில நிமிடங்களில் முடியும் இந்தச் சோதனையைக் கடையிலேயே செய்து காட்டச் சொல்வது, பேட்டரியை மாற்றும் செலவிலிருந்து உரிமையாளரைக் காக்கும்.