கேமராவின் பின்னால் ஓர் ஆள்

செய்தி வாசிப்பவர் ஒரு பக்கம் பார்த்துப் பேசுகிறார்; திரையிலோ அவருடைய காதும் கன்னமும்தான் தெரிகின்றன. இன்னொரு நாள் கேமரா தானாக நகர்ந்து காலி நாற்காலியில் போய் நிற்கிறது. இயந்திரம் பழுது என்று நினைக்கிறோம். தானியங்கி அரங்குகளில் பல சமயம் எதுவும் பழுதாகியிருக்காது. அங்கே கேமராவை மோட்டார்கள் திருப்புகின்றன. ஒவ்வொரு காட்சிக்கும் உரிய கோணம், உயரம், ஜூம் அளவு எல்லாம் எண் போட்டுச் சேமிக்கப்பட்டிருக்கும். தரையில் உருளும் கேமரா, சக்கரம் சுற்றியதைக் கணக்கிட்டுத் தன் இடத்தை அறியும் வகையாக இருந்தால், சிறு வழுக்கல்கள்கூடச் சேர்ந்து கணக்கைப் பிசகவைக்கும்; அதனால்தான் அவ்வப்போது ஓர் அடையாளப் புள்ளியைப் பார்த்து அது தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்தச் சிக்கலைப் பொறியாளர்கள் பெருமளவு தீர்த்துவிட்டார்கள். தீராதது ரன்டவுன் என்னும் செய்தி வரிசைப் பட்டியல். எந்தச் செய்திக்கு எந்தக் கேமரா, எந்த மைக், எந்த கிராபிக்ஸ் என்று அதில் முன்கூட்டியே எழுதிவிடுகிறார்கள். பொத்தானை அழுத்தியதும் எல்லாம் ஒன்றாக நடக்கும். வரிசை மாறியதை அதில் ஏற்றாவிட்டால், கேமரா பழைய உத்தரவையே அட்சரம் பிசகாமல் நிறைவேற்றும்.

வரிசை எப்போது மாறும்? செய்தி மிக அவசியமாக இருக்கும்போதுதான். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அடுத்த நாள்களில் வீடூர் அணை நீர் சங்கராபரணி ஆற்றில் வந்தது. அதன் கிளையான சுண்ணாம்பாற்றின் கரையில் உள்ள நோணாங்குப்பம் போன்ற ஊர்களுக்கு அப்படிப்பட்ட இரவில் செய்தி என்பது பொழுதுபோக்கு அல்ல. நேரலை நடுவே நுழையும், எச்சரிக்கை மாறும், வாசிப்பவர் கையில் புதுத் தாள் வரும். இவற்றில் எதையும் முன்கூட்டி எழுதிவைக்க முடியாது.

மனிதர்கள் தவறுவதில்லையா என்று கேட்கலாம். தவறுகிறார்கள். 2014 செப்டம்பரில் தூர்தர்ஷன் ஆங்கிலச் செய்தியில், சீன அதிபர் ஷி ஜின்பிங்கின் ‘Xi’ என்ற குடும்பப் பெயரை ரோமன் எண்ணாக எடுத்துக்கொண்டு ‘லெவன் ஜின்பிங்’ என்று வாசித்தார் ஒருவர். வேலையும் போயிற்று. ஆனால் அந்தத் தவறு ஒரு சொல்லோடு முடிந்தது. 2017 ஜூன் 20 அன்று பிபிசியின் பத்து மணிச் செய்தி தொடங்கும் நேரத்தில் கணினி அமைப்பு முடங்கியது. மாற்று அமைப்பு இயங்கும்வரை வாசிப்பாளர் பேசாமல் அமர்ந்திருந்த காட்சி, செய்தி சேனலில் ஏறக்குறைய நான்கு நிமிடம் ஓடியது. எல்லா வேலையையும் ஒரே மென்பொருளில் கோத்தால், அது நிற்கும்போது எல்லாமே சேர்ந்து நிற்கும்.

செலவு என்ற மறுப்பு நியாயமானது. சிறிய சேனல் கேமராவுக்கு ஓர் ஆளாக வைத்துக் கட்டுப்படியாகாது. அத்தனை பேர் தேவையும் இல்லை. ரன்டவுனை மீறிக் கேமராவைத் திருப்ப ஒரு ஜாய்ஸ்டிக், அதைக் கையாளப் பழகிய ஓர் ஒளிப்பதிவாளர், யாரையும் கேட்காமல் தானியக்கத்தை நிறுத்த அவருக்கு அதிகாரம்: புயல் இரவுகளிலாவது இந்த மூன்றும் எந்தச் செய்தி அரங்கிலும் இருந்தாக வேண்டும்.