மூன்றாவது பிள்ளை: எமது குடும்பம் தாங்குமா?

சுன்னாகத்துக்கு அண்மையில், பிறருடைய காணியொன்றில் தகரக் கூரையின் கீழ் வாழும் ஒரு குடும்பத்தை நாம் மூன்று மாதங்களில் நான்கு தடவை சந்தித்தோம். முதற் தடவை போனது வெங்காயப் பயிரின் வரவு செலவு பற்றிப் பேசுவதற்கு. பேச்சு முடிந்து நாம் எழும்பியபோது அந்த வீட்டுப் பெண் படலை வரை வந்து, "நீங்கள் எல்லாத்துக்கும் கணக்குப் போடச் சொல்லித் தாறியள். இன்னொரு பிள்ளை பெறலாமோ எண்டதுக்கும் கணக்குப் போடலாமோ?" என்று கேட்டார். கணவர் நிலத்தைப் பார்த்தபடி நின்றார். உள்ளே சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த தாயார் புடைப்பதை நிறுத்திவிட்டார்.

இந்தக் கேள்வி அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதன்று. நாம் செல்லும் இடமெல்லாம் இது உண்டு. ஆனால் வெளியே சொல்லக் கூச்சப்படுகிறோம். வயலுக்கு எத்தனை அந்தர் உரம் என்று நாலு பேரிடம் கேட்கும் நாம், இதை மட்டும் ஊராரின் வாய்க்கோ விதிக்கோ விட்டுவிடுகிறோம். ஆகவே அவர்களுடைய சம்மதத்துடன், பெயரை விடுத்து, அவர்கள் கணக்குப் பார்த்த விதத்தை இங்கு எழுதுகிறோம்.

வீட்டுக்குள் மூன்று குரல்கள்

கணவருக்கு வயது 36. வயாவிளானைச் சேர்ந்தவர். 1990இல் சனம் வெளிக்கிட்டபோது தாயின் தோளில் வந்த கைக்குழந்தை. மனைவிக்கு வயது 33. முல்லைத்தீவுப் பக்கம். இரண்டும் பெண் பிள்ளைகள். மூத்தவளுக்கு 10, இளையவளுக்கு 6. குத்தகைக்கு எடுத்த நாலு பரப்பில் வெங்காயமும் மரக்கறியும் செய்கிறார்கள். மற்ற நாட்களில் இருவரும் கூலி.

மனைவிக்கு இன்னொரு பிள்ளையில் ஆசை. கணவருக்குப் பயம். "இருக்கிற இரண்டுக்கும் ஒழுங்கான அறை இல்லை. நீர் மூண்டாவதைப் பற்றிக் கதைக்கிறீர்" என்பார். "அறை வருமட்டும் பார்த்தால் எனக்கு வயசு போயிடும், அப்பா" என்பார் மனைவி.

மூன்றாவது குரல் தாயாருடையது. அவருடைய ஒரே மகன் 2009இல் வன்னியில் இல்லாமற் போனான். "கொள்ளி வைக்க ஒரு ஆம்பிளைப் பிள்ளை வேணும். என்ரை பிள்ளை திரும்பி வருவான்" என்பதே அவருடைய வார்த்தை. இந்த வார்த்தைக்கு எதிராகக் கணக்குக் கொப்பியை நீட்ட எமக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் சொன்னோம்: பிறப்பது ஆணா பெண்ணா என்பது எவர் கையிலும் இல்லை, ஏறக்குறையச் சரிபாதி வாய்ப்புத்தான். மூன்றாவதும் பெண்ணானால் அந்தப் பிள்ளை இந்த வீட்டில் எப்படி வரவேற்கப்படும் என்பதை இப்போதே சிந்திக்க வேண்டும். போனவரின் இடத்தை நிரப்பும் பாரத்தைப் பிறக்கும் பிள்ளையின் தலையில் வைக்கக் கூடாது. அம்மா பதில் சொல்லவில்லை.

முதலாம் பக்கம்: செலவு

ஒரு பழைய கொப்பியை எடுத்தோம். ரூபாயில் எழுத வேண்டாம் என்றோம். 2022இல் விலைகள் ஏறிய வேகத்தைக் கண்டவர்கள் நாம். இன்றைய ரூபாக் கணக்கு அடுத்த வருடம் பிழைத்துவிடும். ஆகவே எதையும் கூலி நாளாகவே எழுதினோம். 'சப்பாத்துச் சோடி ஒன்று: அம்மாவின் இத்தனை நாட் கூலி' என்றவாறு. பெண்களின் நாட் கூலி ஆண்களுடையதிலும் குறைவு என்பதால் இருவருடையதையும் வேறு வேறாகப் பதிந்தோம்.

எழுத எழுத ஒரு விடயம் தெளிவாயிற்று. கணவர் பயந்தது சாப்பாட்டுச் செலவுக்கு. ஆனால் முதல் ஆறு மாதமும் பிள்ளைக்குத் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீரும் தேவையில்லை. பால்மா வாங்காத வீட்டில் அந்தச் செலவு தாயின் சாப்பாட்டுச் செலவுதான். உடுப்பு, தொட்டில் எல்லாம் அக்காமாருடையவை இருக்கின்றன. அரச ஆஸ்பத்திரியிற் பிரசவத்துக்குக் காசு இல்லை. தடுப்பூசி இலவசம். 1973 முதல் கிளினிக்கில் வழங்கப்படும் திரிபோசாவும் இலவசம். ஆயினும் 2022 நெருக்கடியில் அதற்கும் தட்டுப்பாடு வந்ததை நினைவில் வைத்திருக்க வேண்டும். கர்ப்பிணித் தாய்மாருக்கான போசாக்கு உதவித் திட்டமும் உண்டு. அதன் தொகை காலத்துக்குக் காலம் மாறுவதால் பிரதேச மருத்துவமாதுவிடம் கேட்டே கொப்பியில் எழுத வேண்டும். 2023இல் ஆரம்பித்த அஸ்வெசும கொடுப்பனவு குடும்பத்துக்கு உரியது. ஒரு பிள்ளை கூடியவுடன் தானாகக் கூடுவதில்லை.

அப்படியானால் பெரிய செலவு எது? தாயின் கைக்கூலி. மனைவி கிழமையில் மூன்று நாள் களை பிடுங்கவும் வெங்காயம் நடவும் போகிறவர். ஒரு வருடத்தில் ஏறக்குறைய 150 நாட்கள். வயிறு தள்ளிய கடைசி மூன்று மாதமும், பிள்ளை பெற்று எட்டு ஒன்பது மாதமும் அவர் வெளியே போக முடியாது. ஆக ஒரு முழு வருடக் கூலி இல்லாமற் போகும். உடைக்கும் மருந்துக்கும் எழுதிய நாட்கள் எல்லாவற்றையும் கூட்டினாலும் இதற்குக் கிட்ட வரவில்லை. "நான் உழைக்கிறது இவ்வளவோ?" என்று அந்தப் பெண் கொப்பியை வாங்கிப் பார்த்தார். கணவரும் பார்த்தார்.

ஆடைத் தொழிற்சாலை போன்ற இடங்களில் வேலை செய்யும் சகோதரிகளுக்கு நிலைமை வேறு. முன்பு மூன்றாவது பிள்ளைக்குப் பிரசவ விடுமுறை குறைவாக இருந்தது. 2018இல் சட்டம் திருத்தப்பட்ட பின் எத்தனையாவது பிள்ளையாயினும் 84 நாட்கள் உண்டு. தோட்டக் கூலிக்குப் போகும் பெண்ணுக்கு அப்படியொரு விடுமுறை இல்லை. அவர்தம் குடும்பமே அதை முன்கூட்டிச் சேமிக்க வேண்டும்.

இரண்டாம் பக்கம்: வயதுகள்

அடுத்த பக்கத்தில் நீளக் கோடு ஒன்று கீறி, ஒவ்வொருவருடைய வயதையும் வருட வரிசைப்படி எழுதினோம். பிள்ளை அடுத்த வருடம் பிறந்தால் மூத்தவளுக்கு 11. சின்னப் பிள்ளை ஐந்து வயதில் முதலாம் வகுப்புக்குப் போகும்போது மூத்தவளுக்கு 16. அதுதான் சாதாரணதரப் பரீட்சைக் காலம். நடுவிலாளுக்கு 12. ஒரே வருடத்தில் மூன்று பேரின் படிப்புச் செலவும் உச்சத்தில் நிற்கும்.

இலங்கையில் 1945 முதல் இலவசக் கல்வி, 1980 முதல் இலவசப் பாடநூல், 1993 முதல் இலவசச் சீருடைத் துணி உண்டு. இவை இல்லாவிடில் எமது பிள்ளைகளிற் பலர் பள்ளிக்கூட வாசலையே கண்டிருக்கமாட்டார்கள். ஆனால் கொப்பி, சப்பாத்து, பஸ் காசு, ரியூசன் காசு ஆகியவை எமது கையிலிருந்துதான் போகின்றன. 'பள்ளிக்கூடம் இலவசம்தானே' என்று இந்தப் பக்கத்தை வெறுமையாக விட்டால் பின்னர் பிள்ளைகளில் ஒருவரை, பெரும்பாலும் மூத்த பெண்ணை, மறிக்க வேண்டி வரும். கைக்குழந்தையைப் பார்க்க மூத்தவளைப் பள்ளிக்கூடத்தால் நிற்பாட்டிய வீடுகளை நாம் கண்டிருக்கிறோம். அந்தச் செலவு எந்தக் கொப்பியிலும் ஏறுவதில்லை.

மூன்றாம் பக்கம்: காணியும் கடனும்

கணவருக்குரிய பங்கு வயாவிளானில் ஆறு பரப்பு. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்பது யாவரும் அறிந்ததே. இரண்டு பிள்ளைகளுக்குப் பிரித்தால் மூன்று பரப்பு. மூவருக்குப் பிரித்தால் இரண்டு. பெண் பிள்ளைகளுக்குச் சீதனமாகக் காணி எழுதும் வழக்கமுள்ள எமக்கு இது சிறிய விடயமன்று. அதற்கும் மேலாக, வலிகாமம் வடக்கின் காணிகள் போர் முடிந்தபின் கட்டங் கட்டமாக விடப்பட்டபோதும் இவர்களுடைய துண்டு இன்னும் விடப்படவில்லை. "வரும் எண்டு வைச்சுப் போடுவமோ, வராது எண்டு போடுவமோ?" என்று கேட்டார். இல்லையென்று வைத்தே போடச் சொன்னோம். வந்தால் அது மேலதிகம். வராத காணியை நம்பிப் போட்ட கணக்கு, மழையை நம்பி முழு விதையையும் விதைப்பது போன்றது.

கடன் இன்னும் கிட்ட நிற்கிறது. இறைப்பு இயந்திரம் வாங்க எடுத்த கடனுக்குக் கிழமைக்குக் கிழமை கட்டுகிறார்கள். இன்னும் பதினான்கு மாதங்கள். அந்தக் கட்டுக் காசு பெரும்பாலும் மனைவியின் கூலியிலிருந்துதான் போகிறது. அவர் வேலைக்குப் போகாத வருடத்தில் யார் கட்டுவது? ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன், பிறகு தாலிக்கொடி அடைவு. இந்தப் பாதை எமது கிராமங்களுக்குப் புதிதல்ல.

மருத்துவமாதுவின் பக்கம்

மூன்றாவது சந்திப்புக்கு முன் இருவரும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய் வந்திருந்தார்கள். இரத்தப் பரிசோதனையில் மனைவிக்கு இரத்தம் குறைவு என்று தெரிந்தது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஈமோகுளோபின் 12க்குக் கீழேயும், கர்ப்பிணிக்கு 11க்குக் கீழேயும் போனால் அது இரத்தச்சோகை. அந்த நிலையிற் கர்ப்பந்தரித்தால் களைப்பு மட்டுமல்ல, பிரசவத்தில் இரத்தம் போகும்போது தாங்கும் சக்தியும் குறைவு. பிள்ளையும் நிறை குறைந்து பிறக்கலாம். இரும்புச்சத்துக் குளிசையைத் தேநீருடன் எடுக்க வேண்டாம், தேசிக்காய்த் தண்ணீர் நல்லது, கருத்தரிக்க முன்பே போலிக்கமிலக் குளிசை தொடங்க வேண்டும் என்று மருத்துவமாது சொல்லியிருக்கிறார்.

இடைவெளி பற்றியும் இங்கே கூற வேண்டும். ஒரு பிள்ளை பிறந்து அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது இரண்டு வருடமாவது விட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. இவர்களுக்கு அந்தக் கவலையில்லை. ஆனால் தாய்க்கு வயது 35ஐத் தாண்டும்போது சில ஆபத்துகள் கூடத் தொடங்கும். ஆகவே முடிவைக் கணக்கில்லாமல் தள்ளிப்போடவும் இயலாது.

பொறுத்திருக்கும் காலத்தில் எந்த முறையைக் கைக்கொள்வது என்பதைக் கணவனும் மனைவியும் கூடிப் பேசி, கிளினிக்கில் விளக்கம் கேட்டுத் தெரிந்தெடுக்க வேண்டும். குளிசை, மூன்று மாத ஊசி, கைக்குள் வைப்பது, லூப், ஆணுறை, இயற்கை முறை என ஒவ்வொன்றுக்கும் நன்மையும் குறையும் உண்டு. 2013இல் கிளிநொச்சி மாவட்டத்தின் சில கிராமங்களிற் பெண்களுக்கு உரிய விளக்கமோ சம்மதமோ இன்றிக் கைக்குள் வைக்கும் முறை செய்யப்பட்டதாக முறைப்பாடுகள் எழுந்தன. அதனாற் பலருக்குக் கிளினிக் என்றாலே பயம். பயந்து ஒதுங்குவதிலும் கேட்டுத் தெரிந்துகொள்வதே பாதுகாப்பு. இது என்ன, எவ்வளவு காலம், வேண்டாமென்றால் எடுக்கலாமா என்று கேட்பது உங்கள் உரிமை. விளங்காதவரை 'ஓம்' சொல்ல வேண்டியதில்லை.

ஊரார் சொல்

"எங்கட சனம் குறைஞ்சு போச்சு, நாலு, ஐந்து பெறவேணும்" என்று சிலர் சொல்கிறார்கள். இழப்பின் வலியிலிருந்து வரும் வார்த்தை அது. "வசதியில்லாததுகள் ஏன் பெறுகுதுகள்?" என்று வேறு சிலர் சொல்கிறார்கள். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார அளவீட்டின்படி இலங்கையில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 2.2 பிள்ளைகள். சனம் கூடினாலும் குறைந்தாலும், இரவில் எழும்பிப் பிள்ளைக்குப் பால் கொடுப்பது ஊரார் அல்லர். வசதியில்லாதவர்களுக்குப் பிள்ளை ஆசை இருக்கக் கூடாது என்று சொல்லவும் எவருக்கும் உரிமையில்லை. இடம்பெயர்ந்து வாழ்வதால் எமது வாழ்க்கையில் எத்தனையோ முடிவுகளைப் பிறர் எடுத்துவிட்டார்கள். இந்த முடிவாவது எமதாக இருக்கட்டும்.

அவர்கள் எடுத்த முடிவு

நான்காம் தடவை நாம் போனபோது கொப்பியின் கடைசிப் பக்கத்தில் மூன்று வரிகள் எழுதியிருந்தார்கள். கடன் முடியும்வரை, பதினான்கு மாதம், பொறுப்பது. அதுவரை கிழமைக்கு ஒரு நாட் கூலியை அந்த ஒரு வருடத்துக்கென்று தனியே சேர்ப்பது. இரத்தம் 12க்கு மேல் வந்தபின், குறித்த மாதத்தில் மீண்டும் இருவரும் இருந்து பேசுவது. அப்படிப் பொறுத்தால் வேறொரு நன்மையும் உண்டென்று மனைவியே கோட்டைப் பார்த்துக் கண்டுபிடித்திருந்தார். சின்னது பள்ளிக்கூடம் போகும்போது மூத்தவள் சாதாரணதரப் பரீட்சையை முடித்திருப்பாள்.

"பிறகும் வேண்டாமெண்டு தோன்றினால்?" என்று கேட்டோம்.

"அப்ப வேண்டாம். ஆனால் பயத்திலை விடேல்லை, யோசிச்சு விட்டம் எண்டு இருக்கும்" என்றார் கணவர்.

அம்மா முருங்கை இலை உருவிக்கொண்டிருந்தார். "முதல்ல இவளின்ரை உடம்பு தேறட்டும்" என்றார். பேரனைப் பற்றி அன்று அவர் எதுவும் கதைக்கவில்லை.

இதே கொப்பி வேலையைச் செய்த இன்னொரு குடும்பம், காணி திரும்பக் கிடைத்து, கடனில்லாமல், பாட்டியின் உதவியும் இருந்ததால், இப்போதே பெறுவதென்று முடிவு செய்திருக்கிறது. வேறொரு தம்பதியர் இருவரோடு போதும் என்று நிறுத்தியிருக்கிறார்கள். மூன்றும் சரியான முடிவுகளே.

ஏற்கனவே வயிற்றில் பிள்ளை இருக்கும் சகோதரிகளுக்கு ஒரு சொல். இந்தக் கணக்கு உங்களைக் கலங்க வைப்பதற்கன்று. எட்டுக் கிழமைக்குள் மருத்துவமாதுவிடம் பதிவு செய்யுங்கள். வீட்டாரும் அயலாரும் சேர்ந்தால் பாரம் குறையும்.

வீட்டில் இருந்து பேசுவதற்கு

1. எங்கள் வீட்டில் தாய் ஒரு வருடம் கூலிக்குப் போகாவிட்டால் எது நின்றுபோகும்?

2. பிள்ளைகளின் வயதுகளைக் கோடு கீறி எழுதினால் எந்த வருடம் பாரம் கூடியது?

3. கட்டவேண்டிய கடன் எப்போது முடியும்?

4. தாயின் உடல்நிலையைப் பரிசோதித்துக்கொண்டோமா?

5. இந்த ஆசை எங்கள் இருவருடையதா, பிறருடையதா?