விற்பனை பூஜ்யம், பங்கு விலை ஐம்பது மடங்கு!

தென் கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸ், நடுத்தர வர்க்கத்தினர் நிறைந்த குடியிருப்புப் பகுதி. அங்கிருந்து சில கிலோமீட்டர் வடக்கே, லயன்ஸ் ரேஞ்ச் தெருவில், 1908-இல் தொடங்கப்பட்ட கல்கத்தா பங்குச் சந்தையின் கட்டடம் நிற்கிறது. 2013 ஏப்ரலுக்குப் பிறகு அங்கு வர்த்தகம் இல்லை. ஆனால், இந்நகரில் காகிதத்தில் மட்டும் உயிர்வாழ்ந்த நிறுவனங்கள் நாட்டின் வரி வருவாயில் போட்ட ஓட்டை எத்தனை பெரிது என்பது பல ஆண்டுகளாக நீதிமன்றங்களில் அலசப்பட்டு வந்திருக்கிறது. அந்த ஓட்டை விழுந்த விதத்தை அறிந்துகொள்வது வரித்துறையினருக்கு மட்டுமல்ல, லேக் கார்டன்ஸிலோ மயிலாப்பூரிலோ ஓய்வூதியப் பணத்தைப் பங்குகளில் போடும் சாதாரண முதலீட்டாளருக்கும் அவசியம்.

ஜமா-கர்ச்சி கம்பெனிகள்

தொழிற்சாலை இல்லை, சரக்கு இல்லை, ஊழியர் இல்லை. கணக்குப் புத்தகத்தில் வரவும் செலவும் எழுதுவதற்காகவே நடத்தப்படும் இத்தகைய நிறுவனங்களைக் கொல்கத்தாவில் 'ஜமா-கர்ச்சி' கம்பெனிகள் என்பார்கள். ஓட்டுநர்களும் கடைநிலை ஊழியர்களும் அவற்றில் பெயரளவுக்கு இயக்குநர்களாக இருப்பார்கள். ஒரே முகவரியில் பல நிறுவனங்கள் பதிவாகியிருக்கும்.

வருமான வரித்துறையின் கொல்கத்தா புலனாய்வுப் பிரிவு 2015-இல் அளித்த அறிக்கை, மும்பைப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டிருந்த 84 சிறு நிறுவனங்களின் பங்குகளைச் சுட்டிக்காட்டியது. அவற்றின் மூலம் காட்டப்பட்ட போலி ஆதாயம் சுமார் 38,000 கோடி ரூபாய் என்று அது மதிப்பிட்டது.

சூத்திரம் இதுதான்

2004 அக்டோபர் 1 முதல், பங்குப் பரிவர்த்தனை வரி செலுத்திச் சந்தையில் விற்கப்படும் பங்குகளின் நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு முழு வரிவிலக்கு அளிக்கப்பட்டது. பங்கை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்தால் போதும். முதலீட்டை ஊக்குவிக்க வந்த இந்தச் சலுகையே கறுப்புப் பணத்தை வெளுக்கும் சலவைக் கல்லானது.

ஓர் உதாரணம். கணக்கில் காட்டாத ஒரு கோடி ரூபாயை வைத்திருப்பவர், சிறு நிறுவனம் ஒன்றின் ஒரு லட்சம் பங்குகளைத் தலா 2 ரூபாய்க்கு, முன்னுரிமை ஒதுக்கீட்டில் பெறுகிறார். செலவு 2 லட்சம். அப்பங்குகளை ஓராண்டு விற்க முடியாது என்ற அன்றைய நிபந்தனையும் வரிவிலக்குக்கான காலமும் கச்சிதமாகப் பொருந்தின. அந்த ஓராண்டில் இடைத்தரகரின் ஆட்கள் தங்களுக்குள்ளேயே சில பங்குகளை வாங்கி, விற்று, விலையை 100 ரூபாய்க்கு ஏற்றுகிறார்கள். பிறகு அவர் விற்கிறார். வாங்குவது ஷெல் கம்பெனிகள். அவற்றின் கைக்கு வந்திருப்பது அவரே கொடுத்த ரொக்கம். காசோலையாகத் திரும்பி வரும் ஒரு கோடியில் 98 லட்சம் வரியில்லா ஆதாயம்! தரகருக்குக் கமிஷன்.

காரியம் முடிந்ததும் விலை சரிகிறது. அந்தச் சரிவும் வீணாவதில்லை. வேறு லாபத்துக்கு எதிராக நஷ்டம் காட்ட விரும்புவோருக்கு அது விற்கப்படுகிறது. விலையேற்றத்தை நம்பி வாங்கிய வெளியாருக்கோ நஷ்டம் நிஜமானது.

கண்டறிவது எப்படி?

இந்த மோசடியின் அடையாளங்கள் பலவும் பொது ஆவணங்களிலேயே கிடக்கின்றன. பங்குச் சந்தையின் இணையதளத்தில் காலாண்டு முடிவுகளையும் பங்குதாரர் விவரத்தையும் யாரும் பார்க்கலாம். விற்பனையும் லாபமும் ஏறக்குறைய பூஜ்யமாக இருக்க, விலை மட்டும் பன்மடங்கு ஏறியிருந்தால் அது முதல் எச்சரிக்கை. தினமும் ஒரு சில பங்குகளே கைமாறி, நாள்தோறும் அனுமதிக்கப்பட்ட உச்ச வரம்பைத் தொட்டிருந்தால் அது இரண்டாவது. தொழிலுக்குத் தொடர்பற்ற தனிநபர்கள் பலருக்கு முன்னுரிமை ஒதுக்கீடு, அடுத்தடுத்துப் பெயர் மாற்றம், திடீர்ப் பங்குப் பிரிப்பு ஆகியவையும் சேர்ந்தால் சந்தேகம் வலுக்கும். கம்பெனி விவகாரத் துறையின் பதிவுகளில் அதே முகவரியும் அதே இயக்குநர்களும் வேறு பல நிறுவனங்களில் தென்பட்டால், விலகி நிற்பதே விவேகம்.

கேட்காமலே வரும் 'வாங்குங்கள்' என்ற குறுஞ்செய்தியும் ஓர் அடையாளமே. காலத்துக்கேற்ப அதன் வடிவமும் மாறியிருக்கிறது. யூடியூபில் பொய்யான தகவல்களைப் பரப்பி இரு சிறு ஒளிபரப்பு நிறுவனங்களின் பங்கு விலையை ஏற்றியதாகக் கூறி, 2023 மார்ச் 2-ஆம் தேதி செபி இடைக்கால உத்தரவுகள் பிறப்பித்தது.

தாமதமும் அவசரமும்

செபி செயல்படாமல் இல்லை. 2014 டிசம்பரில் இரு சிறு நிறுவனங்களின் பங்கு வர்த்தகம் தொடர்பாக 260 பேருக்கும் நிறுவனங்களுக்கும் தடை விதித்தது. ஆனால் பின்னர், போதிய ஆதாரம் இல்லையெனப் பலர் மீதான தடை விலக்கிக்கொள்ளப்பட்டது. 2017 ஆகஸ்ட் 7-இல், கம்பெனி விவகாரத் துறை அளித்த பட்டியலின் பேரில், 331 நிறுவனங்களின் பங்குகளை மாதத்தில் ஒரு நாள் மட்டுமே வாங்கி விற்கலாம் எனக் கட்டுப்பாடு வந்தது. மூன்றே நாளில், அவற்றுள் இரு நிறுவனங்களுக்குப் பங்குச் சந்தை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இடைக்காலத் தடை வழங்கியது. உரிய விசாரணையின்றி உத்தரவிட்டதையும் அது சுட்டிக்காட்டியது. இடையில் மாட்டிக்கொண்டவர்கள் சிறு முதலீட்டாளர்களே.

நீதிமன்றங்களிலும் ஒரே குரல் இல்லை. விலை அபரிமிதமாக ஏறியது என்பதாலேயே வரி செலுத்துபவர் மோசடியில் பங்கு கொண்டதாகக் கொள்ள முடியாது என 2021 ஜனவரியில் தில்லி உயர் நீதிமன்றம் கூறியது. ஆனால், 2022 ஜூன் 14-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் வேறு பார்வையை எடுத்தது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து அங்கு சென்ற நீதிபதி டி.எஸ். சிவஞானம் தலைமையிலான அமர்வு, காசோலையும் ஒப்பந்தச் சீட்டும் மட்டும் போதாது. சூழ்நிலைகள் அனைத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த விலையேற்றம் உண்மையானது என்று நிறுவும் பொறுப்பு ஆதாயம் கோருபவருக்கே உண்டு எனத் தீர்ப்பளித்தது.

முழு வரிவிலக்கு 2018-இல் முடிவுக்கு வந்தது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஆதாயத்துக்கு 10 சதவீத வரி விதிக்கப்பட்டது. 2024 ஜூலை 23 முதல் அது 12.5 சதவீதமானது. அப்போதும், உயர் வருவாய்ப் பிரிவினர் செலுத்தும் 30 சதவீதத்தைவிட இது வெகு குறைவு. அந்த இடைவெளி உள்ளவரை சலவைக் கல்லுக்கு வேலை இருக்கும்.

மாதச் சம்பளக்காரரின் வரி, சம்பளம் கைக்கு வரும் முன்பே பிடிக்கப்பட்டுவிடுகிறது. 38,000 கோடிக்கான கணக்கோ பல ஆண்டுகள் கழித்தே கேட்கப்பட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிறுவனங்கள் தாமே வெளியிடும் எண்களை, விலை ஏறும்போதே கண்காணிப்பாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்திருந்தால், நூற்றுக்கணக்கானோரை மொத்தமாகத் தடை செய்து, பிறகு பலரை விடுவிக்க வேண்டிய நிலை வந்திராது.