தேம்ஸ் முகத்துவாரத்தைக் கடக்கும் கணக்கு

இங்கிலாந்தின் தேம்ஸ் நதி வட கடலில் கலக்குமிடத்தில் வடகரை எசெக்ஸ், தென்கரை கென்ட். எசெக்ஸில் பிரைட்லிங்சீ என்ற சிறிய படகுத்துறை இருக்கிறது. அங்கிருந்து கென்டில் உள்ள ராம்ஸ்கேட் துறைமுகத்துக்குச் சுற்றி வளைத்துப் போனாலும் 40 கடல் மைல் அளவுதான். மணிக்கு 5 கடல் மைல் போகும் பாய்ப்படகுக்கு அது 8 மணி நேரப் பயணம். ஆனாலும் அந்தப் பக்கத்துப் படகோட்டிகள் புறப்படும் முன் ஒரு மாலைப் பொழுதை மேசையில் உட்கார்ந்து பென்சிலும் தாளுமாகக் கழிக்கிறார்கள். வழியை முடிவு செய்வது அதில் சிறு பங்கு. நேரத்தை முடிவு செய்வதுதான் பெரும்பாடு.

நடுவே கிடக்கும் மணல்தான் காரணம். கன்ஃப்ளீட், சன்க், லாங் சேண்ட், கென்டிஷ் நாக் என்று பெயர் வைத்த திட்டுகள் தென்மேற்கிலிருந்து வடகிழக்காக விரித்த விரல்கள்போல நீண்டு கிடக்கின்றன. லாங் சேண்ட் மட்டுமே 15 மைலுக்கு மேல் நீளம். ஓதம் ஏறும்போது நீர் தென்மேற்காக உள்ளே பாய்கிறது, வற்றும்போது வடகிழக்காக வெளியேறுகிறது. தினம் இருமுறை நடக்கும் இந்தப் போக்குவரத்து மணலைத் தன் போக்கிலேயே வாரி நீளவாக்கில் குவித்துவிட்டது. விரல்களுக்கு இடையே நல்ல ஆழம் உண்டு; பிளாக் டீப் என்ற இடைவழியில் லண்டன் துறைமுகத்துக்கான பெரிய சரக்குக் கப்பல்கள் போகின்றன. நீளவாக்கில் போகிறவருக்கு இங்கே பெரிய சிக்கல் இல்லை. குறுக்கே போகிறவர்தான் ஒவ்வொரு விரலிலும் எங்கே தாழ்வான இடம் என்று தேட வேண்டும்.

பெரிய கப்பல்களும் தப்பியதில்லை. 1875 டிசம்பரில் ஜெர்மனியின் பிரெமனிலிருந்து நியூயார்க் புறப்பட்ட டாய்ச்லாண்ட் என்ற நீராவிக் கப்பல், பனிப்புயலில் திசை தெரியாமல் கென்டிஷ் நாக் திட்டில் ஏறியது. உதவி வந்து சேர ஒரு நாளுக்கு மேல் ஆனது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

தமிழ்நாட்டுக் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான் என்பதால் இந்தக் கணக்கு நமக்குப் புதிது. தேம்ஸ் முகத்துவாரத்தின் வடபுறத்தில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் 4 மீட்டர் அளவுக்கு ஏறி இறங்குகிறது. உள்ளே ஷீர்னஸ் பக்கம் 5 மீட்டரையும் தாண்டும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் ஏற்ற இறக்கம் வெகுவாகக் குறைகிறது. காலையில் படகு மிதந்த இடத்தில் மாலையில் ஆள் நடக்கலாம்.

கடல் வரைபடத்தில் அச்சிட்டிருக்கும் ஆழம், ஓதம் ஏறக்குறைய அதன் மிகத் தாழ்ந்த மட்டத்தில் இருக்கும்போது உள்ள ஆழம். அதன்மேல் அந்த நேரத்து ஓத உயரத்தைக் கூட்டினால் உண்மையான ஆழம் கிடைக்கும். வரைபடத்தில் பச்சை நிறமிட்டு அடிக்கோடிட்ட எண் தெரிந்தால் கவனம் வேண்டும். அது ஆழமல்ல, நீர் வற்றியதும் அந்த மணல் எவ்வளவு உயரம் வெளியே தெரியும் என்ற அளவு.

ஓர் எடுத்துக்காட்டு போட்டுப் பார்ப்போம். திட்டின் தாழ்வான இடத்தில் வரைபட ஆழம் 1 மீட்டர். நம் படகு 1.5 மீட்டர் அமிழும். அலையில் படகு எழுந்து விழும் என்பதால் அடிக்கட்டைக்குக் கீழே இன்னும் 1 மீட்டர் விட வேண்டும். ஆக ஓத உயரம் குறைந்தது 1.5 மீட்டர் இருந்தாக வேண்டும். அன்று உயர் ஓதம் 4.1, தாழ் ஓதம் 0.5 என்று அட்டவணை சொல்கிறது. வித்தியாசம் 3.6. ஓதம் ஒரே சீராக இறங்குவதில்லை. ஆறு மணி நேரத்தில் முதல் மணியில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அடுத்ததில் இரண்டு, பிறகு மூன்று, மூன்று, இரண்டு, ஒன்று என்பது மாலுமிகளின் கைக்கணக்கு. அதன்படி உயர் ஓதத்துக்கு இரண்டு மணி கழித்து 3.2 மீட்டர், மூன்று மணி கழித்து 2.3, நான்கு மணி கழித்து 1.4. அதாவது நான்காவது மணி முடியும் முன்பே கதவு சாத்தப்படுகிறது.

இப்போது இதைப் பயணத்தில் பொருத்துங்கள். பிரைட்லிங்சீயிலிருந்து வருகிறவர் கன்ஃப்ளீட், பக்ஸி திட்டுகளுக்கு நடுவே ஸ்பிட்வே என்ற தாழ்வழியைத் தாண்டி, ஏறக்குறைய 15 மைலில் சன்க் திட்டின் தென்மேற்குக் கோடியை அடைகிறார். உயர் ஓதத்தில் புறப்பட்டால் வெளியே ஓடும் நீர் தள்ளிவிடும். இரண்டரை, இரண்டேமுக்கால் மணியில் போய்விடலாம். சௌகரியம்தான். ஆனால் காற்று செத்து ஒரு மணி நேரம் தாமதமானால் சன்க்கில் கதவு மூடும் தறுவாயில் போய் நிற்பார். உயர் ஓதத்துக்கு ஒரு மணி முன்பே கிளம்பினால், முதல் மணியில் ஓய்ந்துகொண்டிருக்கும் எதிர் நீரோட்டத்தில் கொஞ்சம் மெதுவாக ஊர்ந்தாலும், 3.2 மீட்டர் உயரம் இருக்கும்போதே திட்டைத் தாண்டிவிடலாம். நீரோட்டத்தின் உதவியும் போதிய ஆழமும் ஒரே நேரத்தில் அமைவது அரிது. எதை எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதுதான் திட்டமிடல். ஆகவே கணக்கை வீட்டுத் துறையிலிருந்து தொடங்கக் கூடாது. மிக ஆழம் குறைந்த இடத்தில் தொடங்கிப் பின்னோக்கி வர வேண்டும்.

வற்றும் நீரில் தரைதட்டுவதற்கும் ஏறும் நீரில் தரைதட்டுவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. ஏறும் நீரில் தட்டினால் ஒரு தேநீர் குடித்து முடிப்பதற்குள் படகு தானே மிதக்கும். வற்றும்போது தட்டினால் நீர் முழுக்க இறங்கி மறுபடி அதே மட்டத்துக்கு ஏறும்வரை கிடக்க வேண்டும். அமாவாசை கழிந்து ஓதம் நாளுக்கு நாள் சிறுத்துவரும் வாரத்தில், சரியாக உயர் ஓதத்தின் உச்சியில் தட்டினால் அடுத்த பௌர்ணமிவரைகூட மீட்சி இல்லாமல் போகலாம். இந்தக் கரையின் பழைய சரக்குப் பாய்மரங்கள் தட்டையான அடிப்பாகத்தோடு கட்டப்பட்டதும், இன்றும் இரட்டை அடிக்கட்டைப் படகுகளை இங்கே பலர் விரும்புவதும் இதனால்தான். அவை மணலில் சாயாமல் உட்காரும்.

அட்டவணை சொல்வதையும் அப்படியே நம்ப முடியாது. காற்றழுத்தம் ஒரு மில்லிபார் கூடினால் கடல்மட்டம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தாழும். வலுத்த தென்மேற்குக் காற்று நாள்கணக்கில் வீசினால் இன்னும் தாழும். வடக்கிலிருந்து புயல் தள்ளினால் நேர்மாறு: 1953 ஜனவரி 31 இரவில் அப்படி ஏறிய கடல் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் 307 பேரைக் கொன்றது. அடிக்கட்டைக்குக் கீழே விட்ட அந்த 1 மீட்டரை வீண் பயம் என்று குறைப்பவர்கள் இதை நினைக்க வேண்டும்.

சன்க்கைத் தாண்டினால் பிளாக் டீப். கப்பல்களின் பாதையைச் செங்குத்தாக வெட்டிச் சீக்கிரம் கடக்க வேண்டும். அடுத்து லாங் சேண்டின் ஊடே ஃபௌல்ஜர்ஸ் கேட் என்ற இடைவெளி. 2013இல் முழுமையாக இயங்கத் தொடங்கிய லண்டன் அரே காற்றாலைப் பண்ணையின் 175 காற்றாலைகளுக்கு நடுவே இந்த வழி போகிறது. இங்கே பக்கவாட்டு நீரோட்டம் தனிக் கவலை. படகின் வேகம் 5, குறுக்கு நீரோட்டம் 2 என்றால், மூக்கை இலக்கை நோக்கி வைத்தபடியே ஒரு மணி நேரம் போகிறவர் 2 மைல் ஒதுங்கிப்போவார். சுமார் 24 பாகை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பி வைத்தால்தான் நேர்கோட்டில் போக முடியும். படகு நண்டுபோலப் பக்கவாட்டில் நகர்வதாகத் தோன்றும். அது சரியான போக்குதான்.

ஜிபிஎஸ் இருக்கும்போது இவ்வளவும் எதற்கு என்று கேட்பார்கள். ஜிபிஎஸ் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று சொல்லும். ஒரு மணி நேரத்தில் அங்கே எவ்வளவு தண்ணீர் மிஞ்சும் என்று அது தானாகச் சொல்லாது. திட்டத்தோடு திரும்பும் நேரம் ஒன்றையும் எழுதி வைப்பது நல்லது: இத்தனை மணிக்குள் ஸ்பிட்வே மிதவை தெரியாவிட்டால் திரும்பிவிடுவது என்று கரையிலேயே முடிவு செய்திருந்தால், படகில் வாக்குவாதம் இராது.

மணலும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. 1514இல் எட்டாம் ஹென்றியிடம் பட்டயம் பெற்ற டிரினிட்டி ஹவுஸ் போன்ற அமைப்புகள் மணல் நகர நகர மிதவைகளையும் இடம் மாற்றி வைக்கின்றன. ஒருகாலத்தில் கப்பல்கள் போய்வந்த எடின்பரோ வாய்க்கால் மணல் சேர்ந்து முதன்மைப் பாதை என்ற இடத்தை இழந்துவிட்டது. போன வருடம் போய்வந்தேன் என்பதோ பழைய வரைபடம் இருக்கிறது என்பதோ இங்கே செல்லாது. கடைசியாக வந்த திருத்த அறிவிப்புகளைக் குறித்துக்கொள்ளாத வரைபடத்தை நம்பி இந்த முகத்துவாரத்தைக் கடக்கக் கூடாது.