கேமராவில் முகம் தெரிய வேண்டும்

திருட்டு நடந்த வீட்டுக்கு வருகிற போலீஸார் முதலில் கேட்பது கேமரா இருக்கிறதா என்றுதான். இப்போதெல்லாம் பெரும்பாலும் இருக்கிறது. டிவிஆர் என்ற பதிவுக் கருவியைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தால், ராத்திரி இரண்டரை மணிக்கு ஓர் ஆள் காம்பவுண்டு ஏறிக் குதிப்பது தெரியும். அரைக்கால் சட்டை தெரியும், தோளில் தொங்கும் பை தெரியும், எந்தப் பக்கமாகப் போனான் என்பதும் தெரியும். முகம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைத் திட்டு. பெரிதாக்கப் பெரிதாக்க அது கட்டம் கட்டமாக உடையும். நகையும் போய், காசு கொட்டி மாட்டிய கேமராவும் கைவிட்ட நிலையில் அந்த வீட்டுக்காரர் படும் வேதனையைச் சொல்லி மாளாது.

பெரும்பாலும் கேமராவின் தரம் இதற்குக் காரணமில்லை. மாட்ட வந்தவர் "எத்தனை கேமரா சார்?" என்று கேட்டிருப்பார். வீட்டுக்காரர் "எல்லா இடமும் கவர் ஆகணும்" என்று சொல்லியிருப்பார். சொன்னபடி எல்லா இடமும் கவர் ஆகிவிட்டது. எந்த இடத்தில் வருகிறவனின் முகம் தெரிய வேண்டும் என்று இருவருமே பேசவில்லை. வாங்குவதற்கு முன் தீர்க்க வேண்டிய கேள்வி அதுதான்.

வீட்டுக்கென்று கேமரா அமைப்பை முதன்முதலில் யோசித்தவர் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கினார். நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் ஒரு நர்ஸ். நேரங்கெட்ட நேரத்தில் வேலை, கூப்பிட்டால் போலீஸ் வரத் தாமதமாகும் பகுதி. 1966-இல் கணவரோடு சேர்ந்து அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்; 1969-இல் கிடைத்தது. கதவில் வெவ்வேறு உயரத்தில் பார்வைத் துளைகள், அவற்றுக்குப் பின்னால் மேலும் கீழும் நகரும் கேமரா, உள்ளே ஒரு டிவி, வெளியே நிற்பவரோடு பேச ஒலிபெருக்கி. நெட்டையோ குட்டையோ, வாசலில் நிற்பவரின் முகம் தெரிய வேண்டும் என்பதற்காகவே அத்தனை துளைகள்.

இப்போது கணக்குக்கு வருவோம். முன்பின் தெரியாத ஒருவரை அடையாளம் காட்ட, படத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்குச் சுமார் 250 பிக்சல் வேண்டும் என்கிறது ஐஇசி 62676-4 என்ற சர்வதேசத் தரம். ஏற்கெனவே பழகிய ஆளைத் தெரிந்துகொள்ள அதில் பாதி போதும். கடைகளில் அதிகம் விற்கும் 2 மெகாபிக்சல் கேமராவின் படம் 1920 பிக்சல் அகலம். அதில் 2.8 எம்எம் லென்ஸ் இருந்தால் சுமார் 100 டிகிரி விரிவாகப் பார்க்கும். 10 அடி தூரத்தில் அது காட்டுவது 24 அடி அகலம். அந்தத் தூரம்வரை முகம் தெளிவாகக் கிடைக்கும். 30 அடி தள்ளிப் போனால் அதே படம் 70 அடிக்கு மேல் விரிந்துவிடும். ஒரு முகத்தின் குறுக்கே பதினாலு புள்ளி தேறினால் பெரிது. போர்ட்டிகோவில் மாட்டிய கேமரா கேட்டில் நிற்பவனைக் காட்டியும் காட்டாமல் போவது இதனால்தான்.

அதனால் கேட்டுக்கு ஒரு கேமரா என்று முடிவு செய்தால், அதற்கு 6 எம்எம் லென்ஸ் கேளுங்கள். பார்வை 50 டிகிரியாகக் குறுகும், ஆனால் 25 அடிக்கு மேலும் முகம் பிடிபடும். ஹால், வராண்டா போன்ற கிட்டத்து இடங்களுக்கு 2.8 போதும். நாலும் ஒரே லென்ஸாக இருக்கும் செட்டை வாங்கி நாலு மூலையில் மாட்டுவதைவிட, இரண்டை அகலப் பார்வைக்கும் இரண்டை முகத்துக்கும் என்று பிரித்துக்கொள்வது எவ்வளவோ மேல். செலவு ஏறக்குறைய ஒன்றுதான்.

உயரம் அடுத்தது. திருடன் கைக்கு எட்டக்கூடாது என்று முதல் மாடி சன்ஷேடில் மாட்டுகிறார்கள். அங்கிருந்து தொப்பியும் உச்சந்தலையும் தெரியும். எட்டிலிருந்து பத்து அடிக்குள் இருந்தால் முகம் கிடைக்கும். கிழக்குப் பார்த்த வீட்டில் காலையிலும் மேற்குப் பார்த்த வீட்டில் மாலையிலும் வெயில் கேமராவின் கண்ணுக்கு நேரே வரும். வாசலில் நிற்பவர் கறுப்பு நிழலாகிவிடுவார். டபிள்யூடிஆர் என்ற வசதி உள்ள கேமரா இதை ஓரளவு சமாளிக்கும். கேமராவைக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்தி மாட்டினால் இன்னும் நன்றாகச் சமாளிக்கலாம்.

இரவுதான் உண்மையான சோதனை. இருட்டியதும் கேமரா தன் அகச்சிவப்பு விளக்குகளைப் போட்டுக்கொண்டு கறுப்பு வெள்ளைக்கு மாறும். பக்கத்தில் வெள்ளைச் சுவரோ சன்ஷேடின் அடிப்பாகமோ இருந்தால் ஒளி அதில் பட்டுத் திரும்பி, படம் முழுவதும் புகை மூட்டமாகிவிடும். முகம் வெளுத்துப்போவதும் பல சமயம் இந்த அகச்சிவப்பு ஒளியின் வேலைதான். கேட் அருகே இரவு முழுக்க எரியும் ஒரு சாதாரண எல்இடி பல்பு, விலை கூடிய கேமராவைவிட அதிகம் உதவும் என்பது என் உறுதியான எண்ணம். துளை போடுவதற்கு முன்பே, மாட்ட வந்தவரைக் கேமராவை அந்த இடத்தில் கையால் பிடித்துக்கொள்ளச் சொல்லி, வீட்டில் ஒருவரை கேட்டில் நிற்கவைத்து, போனில் படத்தைப் பாருங்கள். முடிந்தால் இருட்டிய பிறகு ஒருமுறை. பிடிக்காவிட்டால் இடத்தை மாற்றுவது அப்போது சுலபம்.

ஒயர் கேமராவா, வைஃபையா? சொந்த வீட்டில் வெளிப்புறத்துக்கு ஒயரே நல்லது. வாடகை வீட்டுக்கும், கதவருகே ஒரே ஒரு கேமரா போதும் என்பவர்களுக்கும் வைஃபை சரிப்படும். அதற்கும் பக்கத்தில் பிளக் பாயின்ட் வேண்டும். பதிவு அதற்குள்ளிருக்கும் மெமரி கார்டில் மட்டும் இருந்தால், கேமராவைப் பிடுங்கிப் போகிறவன் சாட்சியையும் சேர்த்துக் கொண்டுபோகிறான் என்பதை மறக்க வேண்டாம்.

ஒயர் வேலையில் பணத்தை மிச்சம் பிடிக்கிற இடம் கேபிள்தான். மலிவான கேபிளில் அலுமினியத்தின் மேல் செம்பு முலாம்தான் இருக்கும். பகலில் எல்லாம் சரியாகவே ஓடும். ராத்திரி அகச்சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்ததும் கேமரா கூடுதல் மின்சாரம் இழுக்கும். நீளமான மெல்லிய ஒயரில் 12 வோல்ட் தேய்ந்து குறைந்துபோய், படம் விட்டு விட்டு வரும், சில நேரம் அணைந்தே போகும். கேமரா கெட்டுவிட்டது என்று புதிது வாங்கிய பிறகும் அதே கதை நடக்கும். சுத்தச் செம்புக் கேபிள் என்று கேட்டு வாங்குங்கள். கேமராவுக்குப் பின்னால் வரும் இணைப்புகளை வெளியே தொங்கவிடாமல் பிவிசி பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள். இரண்டு மழைக்காலம் நனைந்த பிஎன்சி முனையைத் திருகிப் பாருங்கள். பச்சைப் பொடி உதிரும், நடு ஊசி கறுத்திருக்கும். கடலோர ஊர்களில் ஒரே வருடத்தில் இந்தக் கதி வந்துவிடும்.

டிவிஆரை டிவிக்குக் கீழே வைப்பது வழக்கமாகிவிட்டது. உள்ளே வந்தவன் முதலில் அதைத்தான் தூக்குகிறான். காற்றோட்டமுள்ள பரண் அல்லது பூட்டிய அலமாரி, அதுவும் படுக்கையறை பீரோவுக்குப் பக்கத்தில் இல்லாமல், வேறெங்காவது இருக்கட்டும். டிவிஆர், கேமராக்களின் பவர் சப்ளை, இன்டர்நெட் ரவுட்டர் மூன்றும் இன்வெர்ட்டர் லைனில் இருக்க வேண்டும். நாலு கேமரா செட் சுமார் 40 வாட்டுக்குள் அடங்கிவிடும் என்பதால் இன்வெர்ட்டருக்கு அது பாரமே இல்லை.

எத்தனை நாள் பதிவு நிற்கும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. எச்.265 என்ற சுருக்க முறையில், நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் பதிந்தால், ஒரு கேமராவுக்கு ஒரு நாளைக்கு 21.6 ஜிபி ஆகும். நாலு கேமராவுக்கு 86 ஜிபி. 1 டிபி ஹார்ட் டிஸ்க் பதினோரு நாளில் நிரம்பி, பழையதை அழித்துக்கொண்டு மேலே எழுதத் தொடங்கும். பிள்ளை வீட்டுக்கு இரண்டு வாரம் போய்த் திரும்புகிறவர்களுக்கு அது போதாது; 2 டிபி வாங்கினால் மூன்று வாரம் தாங்கும். கம்ப்யூட்டருக்கான சாதாரண டிஸ்க்கைப் போடவிடாதீர்கள். இரவு பகலாக எழுதுவதற்கென்றே கண்காணிப்பு டிஸ்க்குகள் தனியாக விற்கின்றன.

பாஸ்வேர்டு விஷயத்தில் மட்டும் யாரையும் நம்பி விட்டுவிடாதீர்கள். 2016-இல் மிராய் என்ற தீய நிரல், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் டிவிஆர்களையும் லட்சக்கணக்கில் வசப்படுத்தியது. அக்டோபர் 21 அன்று அந்தப் படையைக் கொண்டு நடத்திய தாக்குதலில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட தளங்கள் மணிக்கணக்கில் முடங்கின. அது எங்கோ நடந்தது என்று இருக்க முடியாதபடி, 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராக் காட்சிகள் இணையத்தில் விற்பனைக்கு வந்தன. சிகிச்சைக்கு வந்த பெண்களின் காட்சிகள் அவை. யாரும் ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்டுதான் வழி திறந்துவிட்டது. இதை நினைத்தாலே மனம் பதறுகிறது.

கேமரா மாட்டுகிறவருக்கு, எல்லா வீட்டுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைப்பது வசதி. அவர் நல்லவராகவே இருக்கட்டும். அவர் கிளம்பிய அன்றே பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். அவர் போனிலுள்ள செயலியில் உங்கள் வீடு இன்னும் தெரிகிறதா என்று கேட்டு, இருந்தால் உங்கள் முன்னாலேயே நீக்கச் சொல்லுங்கள். 2025 ஏப்ரல் 9 முதல், இந்தியாவில் விற்பனைக்கு வரும் சிசிடிவி கேமராக்கள் அரசின் பாதுகாப்புச் சோதனை விதிகளை நிறைவேற்றியிருக்க வேண்டும். வாங்கும்போது, அதற்கான எஸ்டிக்யூசி சான்று உண்டா என்று கடையில் கேளுங்கள்.

வீட்டுக்குள் கேமரா வைப்பதைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. தனியாக இருக்கும் வயதான பெற்றோருக்காக அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகள் ஹாலில் ஒன்று வைக்கிறார்கள். விழுந்துவிட்டால் தெரிய வேண்டுமே என்ற கவலை நியாயமானது. ஆனால் "ஏம்மா இன்னும் சாப்பிடலையா?", "அப்பா ஏன் ஃபேன் போடல?" என்று தினமும் போன் வரும்போது, அந்த அம்மா தன் வீட்டிலேயே நிம்மதியாகப் புடவையைத் தளர்த்திக்கொண்டு உட்காரத் தயங்குவார். அவரிடம் கேட்டு, எந்த இடம் தெரியலாம், எது தெரியக்கூடாது என்று அவரே சொன்னபடி வையுங்கள். எப்போது வேண்டுமானாலும் அணைக்கிற சுவிட்ச் அவர் கைக்கு எட்டட்டும். வீட்டு வேலைக்கு வருகிறவர்களிடமும் கேமரா இருப்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். ஒளித்துவைத்துப் பார்ப்பது அவர்களுக்குச் செய்யும் அவமரியாதை.

சட்டமும் இதில் கண்டிப்பாகவே இருக்கிறது. ஒருவரின் அந்தரங்கப் பகுதியை அவர் சம்மதமின்றிப் படம் பிடித்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின்படி மூன்று ஆண்டுவரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரே வீட்டில் சேர்ந்து குடியிருப்பவர்களின் சம்மதமில்லாமல் குடியிருப்புப் பகுதிக்குள் கேமரா இயக்குவது அந்தரங்க உரிமை மீறல் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2025-இல் சொன்னது. உச்ச நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பில் தலையிட மறுத்துவிட்டது. உங்கள் கேமராவில் பக்கத்து வீட்டு ஜன்னலோ மொட்டை மாடியோ தெரிந்தால், அந்தப் பகுதியை மட்டும் கறுப்பாக மறைக்கும் வசதி அநேகமாக எல்லா டிவிஆரிலும் உண்டு. மறைத்த பிறகு பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டால், பிறகு மனஸ்தாபத்துக்கு இடமில்லை.

மாட்டிய பிறகு செய்ய வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் விடாமல் செய்ய வேண்டும். மாதம் ஒருமுறை, நேரலையைப் பார்ப்பதோடு நிற்காமல், போன வாரத்துப் பதிவு ஒன்றை ஓட்டிப் பாருங்கள். டிஸ்க் செத்து மாதக்கணக்காகியும், நேரலை மட்டும் அழகாக ஓடிக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு. இரவில் கேமராவின் மங்கிய சிவப்பொளியைச் சுற்றிச் சிறு பூச்சிகள் வரும், அவற்றைத் தேடிச் சிலந்தி வந்து லென்ஸுக்குக் குறுக்கே வலை கட்டும். ஒரே இழைதான், ஆனால் அகச்சிவப்பு ஒளியில் அது தடித்த வெள்ளைக் கயிறாக மின்னி, காற்றில் ஆடும்போதெல்லாம் போனுக்கு எச்சரிக்கை அனுப்பும். ஒட்டடைக்குச்சியில் மெல்லிய துணி சுற்றித் துடைத்துவிட்டால் சரியாகிவிடும். வலைக்கும் பூனைக்கும் வந்த எச்சரிக்கைகளால் அலுத்துப்போய் அறிவிப்பையே அணைத்துவிடுகிறவர்கள் பலர். மனிதர்களை மட்டும் கண்டறியும் வசதி இருந்தால் அதைப் போட்டு, இரவு பதினொன்றிலிருந்து ஐந்து வரை மட்டும் அறிவிப்பு வரும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

டிவிஆரின் கடிகாரத்தையும் அப்போதே சரிபாருங்கள். உள்ளிருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்துவிட்டால், ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் தேதி பல வருடம் பின்னே போய்விடும். வழக்கு என்று வந்தால் எதிர்த்தரப்பு முதலில் கைவைப்பது அந்தத் தேதியில்தான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவு, மின்னணுப் பதிவை நகலாகத் தாக்கல் செய்யும்போது சான்றிதழ் ஒன்றையும் கேட்கிறது. கருவியைப் பொறுப்பில் வைத்திருந்தவர் ஒரு பகுதியிலும் நிபுணர் மற்றொரு பகுதியிலும் கையெழுத்திட வேண்டும். பதிவு மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் எண்ணும் அதில் இருக்கும். ஆகவே ஏதாவது நடந்துவிட்டால், பதறிப்போய் டிவிஆரில் எதையும் அழிக்காதீர்கள், ஃபார்மேட் செய்யாதீர்கள். டிவிஆரிலிருந்தே பென் டிரைவில் பிரதி எடுங்கள். டிவி திரையை போனால் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் சுற்றவிடும் காட்சி, ஆளைத் தேட உதவலாம். மூலப் பதிவுக்கு அது ஈடாகாது. பழைய பதிவு அழிந்துபோவதற்கு முன் போலீஸாரிடம் சேர்ப்பிக்க, உங்கள் டிஸ்க் எத்தனை நாள் தாங்கும் என்ற கணக்கு நினைவிலிருக்கட்டும்.

வீடு காலி செய்யும்போதும், பழைய டிவிஆரை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும்போதும், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். அதில் உங்கள் குடும்பத்தின் கடைசி சில வாரங்கள் இருக்கின்றன. செயலியிலிருந்தும் அந்தக் கருவியை நீக்கிவிடுங்கள். நீக்காமல் விட்டால், அடுத்து அந்த வீட்டுக்குக் குடி வருகிறவர்களின் வாசல் உங்கள் போனில் தெரிந்துகொண்டிருக்கும்.